பெருமாட்டிக்கு வந்த இலவச எரு

எரு இலவசமாகக் கிடைக்கிறது என்றால் வேண்டாமென்று சொல்லும் உழவரை நான் கண்டதில்லை. விதையைக் கடனுக்கு வாங்கலாம். ஏரை இரவல் கேட்கலாம். மழையைச் சாமியிடம் விட்டுவிடலாம். எருவுக்கு அப்படி ஒரு வழியும் கிடையாது. தொழுவத்தில் எத்தனை மாடு நிற்கிறதோ அத்தனை சாணிதான். வேலியில் எத்தனை மரம் நிற்கிறதோ அத்தனை தழைதான். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடச் சொல்லும் வேளாண் துறைக் கையேட்டை, இரண்டு மாடு வைத்திருப்பவர் படித்தால் சிரித்துவிட்டு மூடிவைப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், லாரியில் கொண்டுவந்து வரப்பில் கொட்டித் தருகிறோம், காசு வேண்டாம் என்று யாராவது சொன்னால்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் பெருமாட்டி ஊராட்சியில் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் நடந்தது அதுதான். அந்த ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடை என்னும் சிற்றூரை உலகம் அறியும். அறிந்தது தண்ணீரை வைத்து. குளிர்பான ஆலை, வற்றிய கிணறு, குடத்தோடு நின்ற பெண்கள் என்று அந்தக் கதை பல மொழிகளில் சொல்லப்பட்டாயிற்று. அதற்குள் இன்னொரு கதை அமுங்கிக் கிடக்கிறது: ஆலையிலிருந்து வந்த எருவின் கதை. கால் நூற்றாண்டு கழித்து அதைத் தனியே பிரித்தெடுத்துப் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கிணற்றில் இறங்கிப்போன நீர் நான்கு நல்ல மழையில் ஏறிவரக்கூடும். மண்ணுக்குள் போன சில பொருள்களுக்கு அப்படி வந்த வழியே திரும்பிப் போகத் தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி மீனாட்சிபுரத்தில் எல்லையைக் கடந்தால் பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறும். டீக்கடைப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. மண்ணும் மாறாது. கேரளம் என்றதும் கண்ணில் நிற்கும் செம்பாறை மண்ணும் ஓயாத மழையும் சித்தூரின் கிழக்குப் பகுதிக்குப் பொருந்தாது. இங்கே பல இடங்களில் கொங்கு நாட்டுக் கரிசலேதான். மழையும் மேற்கே பெய்வதில் ஒரு பங்குதான். சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்தின் துண்டு. சுற்றிலும் மலபார் ஜில்லா, சென்னை மாகாணம். அரசுகள் மாறின, எல்லைக்கோடு மாறியது. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. அந்த நீர் வந்தால் நெல். வராவிட்டால் வேறு யோசனை.

இந்த நிலத்தின் குளிர்காலத்தைக் காற்றை வைத்துத்தான் சொல்லவேண்டும். துலா மாதத்து மழை ஓய்ந்ததும் மலைத்தொடரின் இடைவெளியில் கிழக்கிலிருந்து காற்று இறங்கும். பாலக்காட்டார் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். நமக்கு அது கார்த்திகை. அந்தக் காற்று வீசத் தொடங்கினால் முண்டகன் நெல் முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். தை மாதத்தில் மகரக் கொய்த்து. பிறகு சித்திரை முதல் நாள் விஷு. அன்று நல்ல நேரம் பார்த்து வயலில் விஷுச் சால் ஓட்டுவார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதையே பொன்னேர் பூட்டுவது என்கிறோம். அறுவடைக்கும் அந்த முதல் சாலுக்கும் நடுவில் மூன்று மாதம். தரிசாகக் கிடக்கிறது என்று வழிப்போக்கர் நினைப்பார். மண்ணைத் தேற்றுகிற வேலை நடப்பது அந்த மூன்று மாதத்தில்தான்.

பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் மண்ணுக்கு உறக்கம். தோட்டக்காரர்கள் இலைச்சருகைப் போர்த்திவிட்டு வசந்தத்துக்குக் காத்திருப்பார்கள். நம்முடைய குளிர்காலம் வேறு மாதிரி. மழை விட்டுப்போன ஈரம் அடியில் இருக்கிறது, மேலே விடியற்காலைப் பனி விழுகிறது, வெயில் இன்னும் கொடுமையாகவில்லை. மக்குகிற பொருள் நிதானமாக மக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. பங்குனி வெயில் வந்துவிட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கரிமச்சத்தை அடுப்பில் போட்ட விறகுபோல எரித்துத் தள்ளும். வெப்ப நாட்டு மண் எப்போதும் பசியோடு இருப்பது இதனால்தான். மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று எழுதித் தருவார்கள். நம் பக்கத்து விவசாயிகளின் கையில் இருக்கும் அட்டைகளில் அந்தச் சொல் அநேகமாக இருக்கும்.

இந்தப் பசிக்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த உணவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கொழிஞ்சி. நெல் நிற்கும்போதே, அறுப்புக்குச் சில நாள் முன்னால், ஈரத்தில் விதையைத் தூவிவிடுவார்கள். கதிர் அறுபட்டுப்போகும், கொழிஞ்சி தாளுக்கு நடுவில் தலைதூக்கும். பனியைக் குடித்தே வளரும். ஆடு மாடுகள் அதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. கோடைமழை விழுந்ததும் மடக்கி உழுதால் காற்றிலிருந்து அது பிடித்துவைத்த தழைச்சத்து வயலுக்குச் சேரும். விதை கெட்டி, ஓரிரு முறை விதைத்த வயலில் பிறகு தானாகவே முளைக்கும். பெருமாட்டிக்குக் கொஞ்சம் வடக்கே கொழிஞ்சாம்பாறை என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செடிதான் நினைவுக்கு வரும். சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நினைவுக்கு வருகிறது என்றுதான் சொல்கிறேன்.

தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள் தக்கைப்பூண்டு அல்லது சணப்பை போடுவார்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள், பூ எடுத்ததும் மடக்கி உழவு. நாள் தவறினால் தண்டு நார் ஏறி மக்க மறுக்கும். இன்னொரு பக்கம் கிடை. அறுத்த வயலில் ஆட்டு மந்தையை இரவில் மடக்கி, மறுநாள் பட்டியை நகர்த்தி, வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் படியச் செய்வது. கிடைக்காரருக்கு இரவுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு, நெல்லாகவும் கொடுத்தார்கள். ஏரி வற்றியதும் வண்டல். தோப்பில் தென்னைக்கு அடியில் தேங்காய்த் தொண்டைக் குழியில் அடுக்கிப் புதைப்பது. அது நனைந்த பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்தில் சருகு மூடாக்கு, சாம்பல், அடுப்படிக் குப்பை. விஷுவுக்குப் பிறகு பாவலும் புடலும் வெண்டையும் ஊன்றப்போகிற குழியை மாசியிலேயே தோண்டி, தழையும் சாணியும் போட்டு, மண் தள்ளி ஆறவிடுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் இருந்தது. எந்த மாட்டின் சாணி, எந்த வேலியின் தழை, எந்த ஏரியின் வண்டல் என்று கேட்டால் பதில் வரும். எருவுக்கு ஊரும் பேரும் இருந்தன.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எரு எப்போதும் போதாது என்பதே உண்மை. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்கள். ஒன்று, புழுதியை நன்றாகக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது. அடுத்தது, உழுவதைவிட எருவிடுதல் நன்று என்கிறது. உரைகாரர்கள் இதை எப்படியெல்லாமோ பொருத்திக் காட்டுவார்கள். எருவுக்குத் திண்டாடிய ஊரைப் பார்த்தவர்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும் என்பது என் எண்ணம்: கிடைத்தால் போடு, கிடைக்காவிட்டால் உழுது காயவிடு. மேலும், சாணிக்கூடையைத் தலையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோனவர்கள் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. பிளாச்சிமடை வட்டாரத்தில் பழங்குடிகளான இரவாளரும் மலசரும் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்துக் கூலிகள். சுமந்த எரு ஒருவர் தலைமேல், விளைந்த நெல் இன்னொருவர் களத்தில்.

1889-இல் ஜான் அகஸ்டஸ் வெல்க்கர் என்ற ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் இந்தியாவுக்கு வந்தார். நம் விவசாயிக்கு உழவு கற்றுக்கொடுக்க வழி தேடித்தான் அவரை அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1893-இல் அவர் அச்சிட்ட அறிக்கையில், இந்த உழவருக்குக் கற்றுக்கொடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்ற தொனி இருந்தது. அவரைக் கவலைப்படுத்தியது வேறு: வயலுக்குப் போகவேண்டிய சாணி வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது. அறியாமையால் எரிக்கவில்லை, விறகு இல்லாமல் எரிக்கிறார்கள் என்று அவர் கண்டார். விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக் காடுகள் வளர்க்கச் சொன்னார். காடுகளுக்கு வேலி போட்டுத் தழை வெட்டவும் தடை விதித்துக்கொண்டிருந்த அரசிடம் சொன்ன யோசனை அது.

1906-இல் இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கியது. 1909-இல் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் ஒரு சோதனை ஆரம்பமாயிற்று: ஒரு பாத்திக்கு எதுவும் போடாமல், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து, ஒன்றுக்குச் சாம்பல் சத்து, சிலவற்றுக்குக் கலந்து, ஒன்றுக்குத் தொழு உரம் என்று ஆண்டுக்கு ஆண்டு விடாமல் போட்டுப் பார்ப்பது. ஆட்சிகள் வந்து போயின, அந்தப் பாத்திகள் தலைமுறை கடந்து நின்றன. பெருமாட்டியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த வயல். மண் என்பது நீண்ட நினைவுள்ள ஒன்று என்பதை நிரூபிக்க ஒரு நிலத்தை இப்படிப் பல தலைமுறைக்குக் குத்தகைக்கு எடுத்ததுபோல வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கும். ஒரே ஓர் அரசாங்கச் செயலுக்குத் தலைவணங்கச் சொன்னால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை செய்தது இதற்கு இன்னொரு கரை. வயல் கழிவு, சாணி, மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, கிளறி, மூன்று மாதத்தில் மக்கவைக்கும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். இந்திய உழவர்களே தன் ஆசிரியர்கள் என்று எழுதியவர். ஆனால் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆலுவாவுக்கு அருகே 1943-இல் தொடங்கப்பட்ட ‘ஃபாக்ட்’ 1947-இல் உர உற்பத்தியில் இறங்கியது. பசுமைப் புரட்சி வந்தது. டிராக்டர் வந்தது, காளைகள் போயின, தொழுவம் சிறுத்தது. மூட்டை உரத்தின் விலை ஏறியபோது திரும்பிப் பார்த்தால், சாணிக்கு மாடு இல்லை. 2000-ஆம் ஆண்டு பெருமாட்டி விவசாயி நின்றிருந்த இடம் இது.

அந்த ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி இந்துஸ்தான் கோகோ-கோலா பெவரேஜஸ் நிறுவனத்துக்கு ஊராட்சி உரிமம் கொடுத்தது. மார்ச்சில் உற்பத்தி. ஏறக்குறைய 34 ஏக்கர், முன்பு பயிர் விளைந்த நிலம். பாட்டில் கழுவுவதும் பானம் செய்வதும் ஏராளமான கழிவுநீரை உண்டாக்கும். அந்த நீரைச் சுத்திகரித்தால் அடியில் கசடு தங்கும். அந்தக் கசடு ‘எரு’ என்ற பெயரில் ஊருக்குள் வந்தது. முதலில் விலைக்கும் பிறகு இலவசமாகவும் கொடுத்தார்கள், எதிர்ப்பு வந்தபோது வழியோரங்களில் கொட்டினார்கள் என்று போராட்டக்காரர்கள் சொல்லி வந்தார்கள். தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் அது போனது. பார்க்க மண்ணைப் போலவே இருக்கும் ஒன்றை மண்ணில் போட யாருக்கும் கை நடுங்காது.

2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னே நின்றவர் மயிலம்மா, இரவாளர் குலத்துப் பெண். அவர்கள் முதலில் சொன்னது கிணற்றுத் தண்ணீரைப் பற்றி: வாயில் வைக்க முடியவில்லை, சோறு வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது. அது நியாயமான வரிசை. தாகம் இன்றைக்கு வருவது. மண்ணின் நோய் மெல்ல வருவது.

2003 ஜூலை 25-ஆம் தேதி பி.பி.சி. வானொலியின் ‘ஃபேஸ் தி ஃபேக்ட்ஸ்’ நிகழ்ச்சி கசடைப் பற்றிப் பேசியது. எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில் அதில் ஈயமும் கேட்மியமும் இருந்தன: கிலோவுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிகிராம் ஈயம், 100 மில்லிகிராம் கேட்மியம். எருவாகவும் அதற்குப் பெரிய மதிப்பில்லை என்பது ஆய்வாளர்களின் கருத்து. நிறுவனம் மறுத்தது, கசடு பாதுகாப்பானதே என்றது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகஸ்டில் தானே மாதிரி எடுத்துச் சோதித்து, கேட்மியம் வரம்பு மீறியிருப்பதாகச் சொன்னது. கசடை விவசாயிகளுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லியது. அடுத்து வந்த ஒரு சோதனையில் வரம்புக்குள் இருப்பதாகச் சொன்னது. அதன்பின் ‘வரம்புக்கு மேலா, கீழா’ என்ற வழக்காடல்.

எந்த வரம்பு? இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அவர்கள் பேசியது கிலோவுக்கு 50 மில்லிகிராம் கேட்மியம் என்ற எல்லையை. ஒரு கழிவை ‘அபாயகரமான கழிவு’ என்று வகைப்படுத்திப் பூட்டிவைப்பதற்கான எல்லை அது. வயலில் போடும் பொருளுக்கு எல்லை வேறு. 2000 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நகராட்சித் திடக்கழிவு விதிகளில், குப்பையிலிருந்து செய்யும் மக்கு உரத்தில் கேட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமையும் ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்று அட்டவணை போட்டிருந்தார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும் பின்னாளில் இதே எண்கள் ஏறின. ஆக, 49 இருந்திருந்தாலும் அது ‘அபாயகரமான கழிவு’ ஆகாது. ஆனால் எருவுக்கு அது கிட்டத்தட்டப் பத்து மடங்கு. கழிவின் படியைக்கொண்டு எருவை அளந்தார்கள். வரம்புக்குள் இருக்கிறது என்ற வாக்கியம் அந்தப் படியில் உண்மையாக இருக்கலாம். சோற்றுக்குப் போகும் வழியில் அதற்கு மதிப்பில்லை.

பிறகு நடந்தவற்றை எல்லோரும் அறிவார்கள். உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2003 ஏப்ரலில் ஊராட்சி முடிவெடுத்திருந்தது. அந்த டிசம்பர் 16-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் காவலர் என்று தீர்ப்பளித்தார். 2004 ஜனவரியில் உலகத் தண்ணீர் மாநாடு நடந்தது. வந்தனா சிவா, ஜோஸே போவே, மாட் பார்லோ எல்லாரும் வந்தார்கள். மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகளின் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது, ஆலை ஓடவில்லை. 2007 ஜனவரி 6-ஆம் தேதி மயிலம்மா இறந்தார். 2017-இல் நிறுவனம், இனி அங்கே உற்பத்தி செய்யும் எண்ணமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

ஆலையால் வந்த இழப்பைக் கணக்கிட்ட, கே. ஜெயகுமார் தலைமையிலான உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் கொடுத்த அறிக்கையைப் புரட்டுகிறவர்கள் 216.26 கோடி ரூபாய் என்ற மொத்தத் தொகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே பிரித்துப் பார்க்கவேண்டும். நீர்வளம் மாசுபட்டதற்கு 62.10 கோடி. உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி. எல்லாவற்றிலும் பெரிய தொகை வேளாண் இழப்புக்கு: 84.16 கோடி. தண்ணீர்க் கதை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததை, கணக்குப் போட்டவர்கள் வயலின் கதையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இழப்பீட்டைத் தீர்மானிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரி 24-ஆம் தேதி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமலேயே அது திரும்பி வந்தது.

கேட்மியம் மண்ணில் என்ன செய்யும் என்பதை ஜப்பானியர்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்கள். டோயாமா மாகாணத்தில் பாயும் ஜின்சு ஆற்றின் மேட்டில், பக்கத்து கிஃபு மாகாணத்தில், மிட்சுய் நிறுவனத்தின் கமியோகா சுரங்கம். துத்தநாகத்தோடு வெளியேறிய கேட்மியம் ஆற்றில் கலந்து, ஆற்றுநீர் பாய்ந்த நெல்வயலில் படிந்து, சோற்றின் வழியாக எலும்புக்குப் போனது. பிள்ளை பெற்று வயதான பெண்களைத்தான் அது அதிகம் பிடித்தது. இருமினாலே எலும்பு முறியும். வலிக்கிறது வலிக்கிறது என்று அவர்கள் கதறியதே நோயின் பெயராயிற்று: இத்தாய்-இத்தாய். 1968-இல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. பிறகு மண்ணைச் சரிசெய்ய இறங்கினார்கள். கெட்ட மேல்மண்ணை அடியில் புதைத்து, வேறிடத்திலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேலே பரப்பினார்கள். 863 ஹெக்டேர். 1979-இல் தொடங்கி 2012-இல் முடித்தார்கள், 33 ஆண்டு. செலவு சுமார் 4,070 கோடி யென். பெருமாட்டியில் டோயாமா நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. அளவும் காலமும் வேறு. அதே உலோகம், அதே நெல், என்பதைத்தான் சொல்கிறேன்.

இயற்கை முறையில் மண்ணைத் தேற்றுவது பற்றி ஆர்வத்தோடு பேசுகிற நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு தவறு செய்கிறார்கள். நிறையத் தழை போடுங்கள், பஞ்சகவ்யம் தெளியுங்கள், மண்புழு விடுங்கள், மண் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பார்கள். பூச்சிமருந்தின் எச்சம், சாயக்கழிவின் சில பொருள்கள் வரை அது ஓரளவு உண்மை. நுண்ணுயிர்கள் கூட்டுப்பொருளை உடைக்கும். கேட்மியம் தனிமம், உடைக்க அதில் ஒன்றும் இல்லை. மக்கிய பொருள் அதைப் பிடித்துக் கட்டிவைக்கும். சுண்ணாம்புச்சத்துள்ள கரிசல், புளிப்பான செம்மண்ணைவிட அதைக் கெட்டியாகப் பிடிக்கும். கதிர் வரும் காலத்தில் வயலில் நீரை நிறுத்திவைத்தால் நெல் அதைக் குறைவாக உறிஞ்சும். ஜப்பானில் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். கீரை வகைகள் ஆவலோடு உறிஞ்சும். ஆகவே சந்தேகமுள்ள நிலத்தில் குளிர்காலத் தழையுரம் இரண்டு மடங்கு அவசியம். ஆனால் அது பூட்டுப் போடுகிற வேலை, திருடனை வெளியேற்றுகிற வேலை இல்லை.

எங்கோ ஓர் ஆலையின் கசடு மட்டும்தான் இப்படி என்று நினைக்கவும் முடியவில்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் சாக்கடைக் கசடை உரமாக்கி மூட்டை கட்டி விற்கிறது. அங்கே 1990-களில் கசடு என்ற சொல் நாறுகிறதென்று ‘பயோசாலிட்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியதும் வயல்களுக்குப் போவது எளிதாயிற்று. 2022-இல் மெய்ன் மாநிலம் கசடை நிலத்தில் பரப்புவதையே தடைசெய்தது. பரப்பிய பண்ணைகளின் பாலிலும் கிணற்றிலும் அழியாத வேதிப்பொருள்கள் தென்பட்டன. நாம் கடையில் வாங்கும் பாஸ்பேட் உரத்திலும் பாறையிலிருந்து வந்த கேட்மியம் கொஞ்சம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்று ‘இயற்கை உரம்’ என்று அச்சிட்ட பைகள் நர்சரிகளில் அடுக்கியிருக்கின்றன. மொட்டைமாடித் தோட்டத்துக்கு வாங்கிப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், எடையைக் கேட்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

சாணிக்கு மாடு தெரிந்த காலத்தில் சோதனைக்கூடம் தேவைப்படவில்லை. எரு முகம் தெரியாத பொருளாகிவிட்ட பிறகு, அந்த முகத்தைக் காட்டவேண்டிய கடமை அரசுக்கு வருகிறது. 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியபோது 12 அளவுகளைச் சோதிப்பது என்று வகுத்தார்கள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அமிலகாரத் தன்மை, உப்பின் அளவு, கரிமச்சத்து. பயனுள்ள பட்டியல். மண்ணில் என்ன குறைகிறது என்று அது சொல்லும். மண்ணில் என்ன கூடிவிட்டது என்று சொல்ல ஒரு வரிகூட அதில் கிடையாது. ஆலைகளும் நகரக் குப்பையும் சாயப்பட்டறைகளும் ஒட்டியிருக்கும் ஊராட்சிகளில் மட்டுமாவது ஈயம், கேட்மியம் என்று இரண்டு வரி சேர்த்தால் என்ன கெட்டுவிடும்? ஒவ்வொரு வயலுக்கும் வேண்டாம். கோவையில் 1909-இல் செய்ததுபோல, சில பாத்திகளைத் தேர்ந்து, பத்தாண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

2023-இல் பிளாச்சிமடை நிலத்தை, ஏறக்குறைய 35 ஏக்கர், மாநில அரசிடம் ஒப்படைக்க நிறுவனம் முன்வந்தது. விவசாயிகளின் அமைப்பு ஒன்று நடத்தும் மாதிரிப் பண்ணை அங்கே வரும் என்பது பேச்சு. வரட்டும். பண்ணை வருமானால் முதல் குளிர்காலத்தில் விதைக்கவேண்டியது கொழிஞ்சி. அதற்கும் முன்னால், தாள் காய்ந்த ஏதாவது ஒரு தை மாதக் காலையில், மண்வெட்டியோடு போய் வயல் நெடுக ‘வி’ வடிவில் குழி வெட்டி, முக்கால் சாண் ஆழம் வரை ஒரே கனத்தில் மண் சீவி, எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் மிஞ்சும் அரைக்கிலோவைப் பையில் கட்டவேண்டும். பக்கத்துத் தோப்புகளிலும் அப்படியே. பையோடு ஒரு படிவம் போகும். பெயர், சர்வே எண், முன்பயிர், போடப்போகும் பயிர். முன்பு இட்ட உரம் என்றும் வழக்கமாக ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். பெருமாட்டியில் சிலர் அதில் எழுதவேண்டியிருக்கும்: 2000 முதல் 2003 வரை, ஆலையிலிருந்து வந்தது, காசு வாங்கவில்லை, எத்தனை லோடு என்று நினைவில்லை.